உப்புப் பூக்கும் பாத்திக்கு எந்த மூடாக்கு?

"தினமும் தண்ணீர் விடுகிறேன். இருந்தும் கத்தரி இலையின் ஓரம் கருகுகிறதே?" தூத்துக்குடி, காயல்பட்டினம், திருச்செந்தூர் பக்கம் வீட்டுத் தோட்டம் போடுபவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. போய்ப் பார்த்தால், பாத்தி மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

காரணம் நமக்குப் பழக்கமானதுதான். உப்பளத்தில் நீரைப் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, உப்பை வாருகிறோம். உவர்க் கிணற்று நீரைத் திறந்த பாத்தியில் ஊற்றும்போதும் அதுவேதான் நடக்கிறது. நீர் ஆவியாகிறது, உப்பு வேர்ப் பகுதியிலேயே தங்குகிறது. அடியில் உள்ள உப்பும் ஈரத்தோடு மேலேறி வருகிறது. மூடாக்கு போட்டால் இந்த ஏற்றம் குறையும். ஆனால் ஏற்கெனவே சேர்ந்த உப்பை மூடாக்கு அகற்றாது. அதற்கு மழை நீரோ நல்ல நீரோ பாய்ந்து, கீழே வடிய வேண்டும்.

நம் பக்கத்துக்கு நான் முதலில் சொல்வது வாழைச் சருகு. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் தோட்டங்களில் எளிதாகக் கிடைக்கும். மண்ணோடு படிந்து கிடக்கும், மட்கினால் சாம்பல் சத்தும் சேரும். வாடல் நோய் கண்ட தோட்டத்துச் சருகை மட்டும், வீட்டில் வாழை வைத்திருப்பவர்கள் எடுக்க வேண்டாம்.

தென்னை நார்க் கழிவு ஈரத்தை நன்றாகப் பிடிக்கும். ஆனால் பச்சைக் கழிவில் கரிமச் சத்து தழைச்சத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேல். அதை மண்ணில் கிளறிவிட்டால், மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்கான தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். அடி இலைகள் மஞ்சளாகும். மட்கியதையே வாங்குங்கள். உவர் நீரில் மட்டையை ஊறவைத்து நார் பிரித்த இடத்துக் கழிவானால், நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே போட வேண்டும்.

கடற்கரையில் ஒதுங்கும் பாசியில் நானே ஏமாந்திருக்கிறேன். சத்து மிக்கது என்று அலசாமல் கொண்டுவந்து, எங்கள் வீட்டு வெண்டைப் பாத்தியில் பரப்பினேன். இரண்டு வாரத்தில் இலை ஓரமெல்லாம் தீய்ந்தது. மழையில் பல நாள் நனையவிட்டுப் போட்டிருந்தால் பயன்பட்டிருக்கும்.

சிலர் அழகுக்காகச் சிப்பி ஓடுகளைப் பரப்புகிறார்கள். முத்துக்குளித்த ஊர் என்ற பெருமை சரிதான். ஆனால் சிப்பி என்பது சுண்ணாம்பு. நம் கடலோர மண்ணில் களர்த் தன்மை ஏற்கெனவே அதிகம். மேலும் சுண்ணாம்பு சேர்ந்தால் இரும்பும் துத்தநாகமும் செடிக்கு எட்டாது, இளந்தளிர் வெளிறும்.

பனை ஓலை நெடுநாள் உழைக்கும். தேரி மணலில் கரையான்தான் தொல்லை. காய்ந்த ஓலையைக் கனமாக அடுக்காமல், துண்டாக நறுக்கி, அடியில் வேப்பம் புண்ணாக்கைத் தூவி, மேலே பரப்புங்கள். நொச்சி, எருக்கு இலைகளைக் கலப்பதும் நல்லது. குவியலைக் கையால் கிளறாதீர்கள், தேள் இருக்கும். சீமைக்கருவேல இலையைப் போடுவதென்றால் காய்களைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்குக் கன்றாக முளைக்கும்.

போடும் முறையில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. காய்ந்த மண் மேல் மூடாக்கைப் போட்டு, அதன் மேல் லேசாகத் தெளிப்பது. அந்த நீரைச் சருகே குடித்துவிடும். முதலில் பாத்தியை நன்றாக நனைத்து, பிறகு இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்ப வேண்டும். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விடுங்கள். அதன்பின் கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் விடாதீர்கள். மூடாக்கை விலக்கி, விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

ஆடிக் காற்றில் சருகு பறந்துவிடும். மேலே பனை மட்டையோ தேங்காய் மட்டையோ பாரமாக வையுங்கள். தேங்காய் மட்டையின் குழிந்த பக்கம் மண்ணைப் பார்த்து இருக்கட்டும்; நிமிர்த்தி வைத்தால் மழை நீர் தேங்கிக் கொசு வளரும்.

வடகிழக்குப் பருவமழைக்கு வேறு கணக்கு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய மழைக்கு எந்த மூடாக்கும் நிற்காது. ஆனால் வழக்கமான ஐப்பசி அடைமழையிலேயே, தண்டை ஒட்டிய ஈரச் சருகு வேரை அழுகவைக்கும். ஆகவே ஐப்பசி பிறந்ததும் மூடாக்கைச் செடியை விட்டு ஒதுக்கி, வரப்போரம் குவித்துவிடுங்கள். பாத்தியில் விழும் மழை அதுவரை சேர்ந்த உப்பைக் கழுவி இறக்கட்டும். மழை ஓய்ந்து, தை மாத வெயில் ஏறுவதற்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே திரும்பப் பரப்பிவிட வேண்டும்.