கிணத்துக்கடவுல ஃபிலிம் கழுவ இடம் இருக்குங்களா? புதுசா குடிவந்த ஃபிலிம் கேமரா பிரியர்களுக்கு!

சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தவரைக்கும் பிரச்னை இல்லை. ரோல் முடிந்ததா, லேபில் கொடுத்தோமா, ஸ்கேன் வாட்ஸ்அப்பில் வந்ததா, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை போட்டோ வாக் போனால் கழுத்தில் பழைய யாஷிகாவோ பென்டாக்ஸோ தொங்கவிட்ட நாலு பேராவது கண்ணில் படுவார்கள். இப்போ வேலை மாறி ஈச்சனாரி, மலுமிச்சம்பட்டி பக்கம் வந்தாச்சு. வாடகை கட்டுப்படியாகும் என்று இன்னும் கொஞ்சம் தெற்கே தள்ளி, கிணத்துக்கடவில் வீடும் பார்த்தாச்சு.

படம் எடுக்க இந்த ஊரில் பஞ்சமே கிடையாது. பொன்மலை வேலாயுத சுவாமி கோயில் படிக்கட்டில் விழும் சாயங்கால வெயில், காய்கறி மார்க்கெட்டில் அடுக்கிய தக்காளிப் பெட்டிகள், பொள்ளாச்சி ரோட்டோரம் கண்ணுக்கெட்டியவரை தென்னந்தோப்பு. 36 படம் ரெண்டே நாளில் தீர்ந்துவிடும். அதுக்கப்புறம்தான் கேள்வியே. இந்த ரோலை எங்கே கழுவுறது? கழுவினதை யார்கிட்ட காட்டிப் பேசுறது?

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடலாம். ‘டார்க் ரூம்’ என்று போர்டு மாட்டிய இடத்தைத் தேடி அலைந்தால் செருப்புதான் தேயும். ஆனால், இங்கே ஃபிலிம் தெரிந்த ஆட்களுக்குக் குறைவில்லை. அவர்களை எப்படிப் பிடிப்பது என்பதுதான் சூட்சுமம்.

ஃபிலிம் ஓடின ஊருங்க இது!

கோயம்புத்தூர்னா மில்லும் மோட்டார் பம்பும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா, ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரை வாங்கி, ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் படம் காட்டினார். 1914-ல் அவர் கோவையில் கட்டிய ‘வெரைட்டி ஹால்’ தியேட்டரின் பெயர்தான் இன்னமும் டவுன் ஹால் பக்கத்து ரோட்டுக்கு நிற்கிறது. அப்புறம் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ, புலியகுளம் ரோட்டில் பட்சிராஜா ஸ்டுடியோ. 1954-ல் வந்த எம்.ஜி.ஆரின் ‘மலைக்கள்ளன்’ பட்சிராஜாவில் உருவான படம்தான். பொள்ளாச்சி பக்கம் ஷூட்டிங் பார்க்காத ஆளே கிடையாது.

இதைவிட முக்கியமான சங்கதி மலை மேலே இருக்கிறது. மத்திய அரசு 1960-ல் ஆரம்பித்த ‘இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்’ தொழிற்சாலை ஊட்டியில்தான் இருந்தது. 1967-ல் உற்பத்தி தொடங்கியது. பிராண்டின் பெயர் ‘இந்து’. அதாவது, நிலா. தூசி இல்லாத காற்றும் குளிர்ச்சியும் ஃபிலிம் தயாரிப்புக்கு ரொம்ப அவசியம், ஊட்டியில் அது இயற்கையாகவே கிடைத்தது. கறுப்பு வெள்ளை ரோல், பிரின்ட் போடும் பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம் என்று நாடு முழுக்கப் போனது. கலர் வந்து, வெளிநாட்டு பிராண்டுகள் வந்து, கடைசியில் டிஜிட்டலும் வந்து கம்பெனி படுத்துவிட்டது. ‘இந்து நகர்’ என்ற பெயர் மட்டும் ஊட்டியில் மிச்சம்.

பழைய ஸ்டுடியோ அலமாரிகளில் பிரிக்காத ‘இந்து’ டப்பாக்கள் கிடைத்தாலும் கிடைக்கலாம். கிடைத்தால் விடாதீங்க. காலாவதியான ஃபிலிமுக்கு பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாகக் கொடுக்கணும் என்பது பொதுவான கணக்கு. 40 வருஷ ரோலுக்கு இந்தக் கணக்கு ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். புகை படிந்த மாதிரி வந்தாலும், உள்ளூர் ஃபிலிமில் உள்ளூரை எடுத்த திருப்தி இருக்குமில்லையா?

போர்டைத் தேடாதீங்க, ஆளைத் தேடுங்க

கிணத்துக்கடவு, நெகமம், பொள்ளாச்சி, சூலூர் என எந்த ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாலும் ‘பாஸ்போர்ட் போட்டோ 5 நிமிடத்தில்’ என்று எழுதிய ஸ்டுடியோ ஒன்று இருக்கும். கவுன்ட்டரில் இருக்கும் பையனிடம் டார்க் ரூம் பற்றிக் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பான். அவனுடைய அப்பாவோ பெரியப்பாவோ எப்போ கடைக்கு வருவார் என்று கேளுங்கள். 60 வயதைத் தாண்டிய அந்த மனுஷர், ராத்திரி முழுக்க சிவப்பு லைட்டில் நின்று கல்யாண ஆல்பத்துக்கு பிரின்ட் போட்டவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நெகட்டிவில் பென்சில் வைத்து ‘டச்சிங்’ செய்து முகத்துத் தழும்பை மறைக்கத் தெரிந்த கை அது.

போனவுடனே ‘அனலாக்’, ‘கம்யூனிட்டி’ என்று ஆரம்பிக்காதீங்க. “ஏனுங்ண்ணா, முன்னெல்லாம் நீங்களே ஃபிலிம் கழுவிட்டு இருந்தீங்களா?” என்று கேட்டால் போதும். பெரும்பாலும் முதல் பதில், “அதெல்லாம் எப்பவோ கழட்டிப் போட்டாச்சுங் தம்பி” என்பதாகத்தான் இருக்கும். ரெண்டாவது தடவை போகும்போது நீங்கள் எடுத்த நெகட்டிவைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, “இது அண்டர் ஆயிடுச்சு பாரு” என்று அவர் ஆரம்பித்துவிட்டால் கதை முடிந்தது. பரணில் கிடக்கும் என்லார்ஜரும் தானாக இறங்கும்.

இந்த வேலையைத் தள்ளிப்போடாதீங்க. அந்தத் தலைமுறைக்கு வயதாகிறது. ஸ்டுடியோவைப் பேரன் மொபைல் கடையாக மாற்றும் நாளில் முதலில் குப்பைக்குப் போவது பழைய நெகட்டிவ் பெட்டிகள்தான். ஒரு ஊரின் மூணு தலைமுறை முகங்கள் அதில் இருக்கும். புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தில், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடிப் பிடித்து டிஜிட்டலாக்கியது. அப்படியொரு வேலையை நாம் செய்ய முடியாவிட்டாலும், “தூக்கிப் போடும்போது ஒரு போன் பண்ணுங்கண்ணா” என்று சொல்லி நம்பர் கொடுத்துவிட்டு வரலாம். கிடைக்கும் படங்களை உடனே இன்ஸ்டாவில் போடுவது மட்டும் வேண்டாம். அது யாரோ ஒருத்தர் வீட்டு விசேஷம்.

ஸ்டுடியோவை விட்டால் அடுத்தது விஸ்காம் சொல்லித்தரும் கல்லூரிகள். டிஜிட்டலுக்கு முன்பு அங்கெல்லாம் பிரின்ட் போடுவதும் பாடமாக இருந்தது. ஸ்டோர் ரூமில் என்லார்ஜர் தூங்குகிறதா என்று லேப் அசிஸ்டென்ட்டைக் கேளுங்கள், ஹெச்.ஓ.டி-யைவிட அவருக்குத்தான் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியும்.

டார்க் ரூம் நிஜமாவே வேணுமா?

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. ஃபிலிம் கழுவ டார்க் ரூம் தேவையில்லை. கைவிட்டு வேலை செய்யும் கறுப்புப் பை ஒன்று, டெவலப்பிங் டேங்க் ஒன்று, தெர்மாமீட்டர் ஒன்று போதும். பைக்குள் ஃபிலிமை ரீலில் ஏற்றி டேங்க்கை மூடிவிட்டால், மிச்ச வேலையெல்லாம் சமையல்கட்டு வெளிச்சத்திலேயே நடக்கும். வேஸ்ட் ஃபிலிம் ஒன்றை வைத்து, முதலில் கண்ணைத் திறந்துகொண்டும் பிறகு கண்ணை மூடிக்கொண்டும் பத்து தடவை ஏற்றிப் பழகுங்க. கஷ்டமே அந்த ஒரு கட்டத்தில்தான்.

கலர் ஃபிலிமை ஆரம்பத்தில் வீட்டில் கழுவ வேண்டாம் என்பது என் கட்சி. சி-41 முறைக்கு 38 டிகிரி சூடு பிசகாமல் நிற்கணும். அதை கூரியரில் லேபுக்கு அனுப்பிவிடலாம். அனுப்பும் முன்னால், “நெகட்டிவ் திரும்ப வருமா?” என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளை ரோலைக் கலர் லேபில் கொடுத்துவிடவும் வேண்டாம். கலர் கெமிக்கல் வெள்ளி மொத்தத்தையும் கரைத்துவிடும், வெறும் பிளாஸ்டிக் பட்டைதான் திரும்பி வரும்.

வீட்டுக்கு ஏற்றது கறுப்பு வெள்ளைதான். 400 ஸ்பீடு இல்ஃபோர்டு ஹெச்பி5 ரோலை டி-76 டெவலப்பரில் தண்ணீர் கலக்காமல் கழுவினால் 20 டிகிரியில் ஏழரை நிமிஷம். இங்கேதான் கொங்கு வெயில் குறுக்கே வரும். சித்திரையில் மொட்டைமாடி டேங்க் தண்ணி 30 டிகிரிக்குக் குறையாது. அப்படியே ஊற்றினால் நெகட்டிவ் கருத்துவிடும். பக்கெட்டில் தண்ணி ஊற்றி, ஐஸ் கட்டிகளை பிளாஸ்டிக் கவரில் போட்டு மிதக்கவிட்டு, கெமிக்கல் பாட்டில்களை அதில் கால்மணி நேரம் நிறுத்துங்கள். ராத்திரி 10 மணிக்கு மேல் இந்த வேலையை வைத்துக்கொண்டால் ஐஸும் மிச்சம்.

டெவலப்பருக்கு அடுத்து ஒரு அலசல், பிறகு ஃபிக்ஸர். நம்ம ஸ்டுடியோக்காரர்கள் பாஷையில் ‘ஹைப்போ’. எத்தனை நிமிஷம் என்று சந்தேகமா? ஃபிலிம் முனைத் துண்டை வெட்டி ஹைப்போவில் போடுங்கள். கண்ணாடி மாதிரி தெளிய எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதைப்போல ரெண்டு மடங்கு வைத்தால் சரி.

கழுவி எடுக்க குழாயைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை, தண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கும் வீட்டில் அது முடியவும் முடியாது. இல்ஃபோர்டு கம்பெனியே சொன்ன சிக்கன வழி ஒன்று உண்டு. டேங்க்கை நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டுங்க. மறுபடி நிரப்பி 10 தடவை. மூணாவதாக 20 தடவை. முடிஞ்சது. கடைசி அலசல் மட்டும் போர் தண்ணியில் வேண்டாம். உப்புத்தண்ணி காய்ந்தால் நெகட்டிவில் வெள்ளைத் திட்டு விழும், குடிக்கிற கேன் தண்ணி அரை லிட்டர் செலவழியுங்கள். காயப்போடுவது பாத்ரூமில், கதவைச் சாத்திவிட்டு. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும், பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரா உட்கார்ந்துகொண்டு மொட்டைமாடிக் கொடியில் ஃபிலிமைத் தொங்கவிட்டால் மண்ணைத்தான் ஸ்கேன் பண்ணணும்.

டெவலப்பர் வந்து சேர நாளாகிறதா? மளிகைக்கடையிலேயே முடியும். 1995-ல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்காட் வில்லியம்ஸும் அவர் மாணவர்களும் காபியை வைத்து ஃபிலிம் கழுவிக் காட்டினார்கள். அதன் பெயர் ‘கேஃபினால்’. பிற்பாடு பரவலான பக்குவம் இது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஈரமில்லாத சலவை சோடா 54 கிராம், வைட்டமின் சி பொடி 16 கிராம், இன்ஸ்டன்ட் காபித்தூள் 40 கிராம். 20 டிகிரியில் 15 நிமிஷம். சலவை சோடாவுக்குப் பதில் ஆப்பசோடாவைப் போட்டுவிடாதீங்க, படம் வராது. சிக்கரி கலந்த தூளும் வேண்டாம், படம் வரச் செய்வது காபிதான், சிக்கரி இல்லை. நாத்தம் குடலைப் புரட்டும் என்பதால் வீட்டு ஓனர் ஊருக்குப் போன நாளாகப் பாருங்க!

சிவப்பு லைட்டும் ஒத்தை ரூபாயும்

பேப்பரில் பிரின்ட் போடும்போதுதான் உண்மையான இருட்டறை வேணும். அதுக்கும் ஜன்னல் அடைத்த பாத்ரூம் போதும். சிவப்பு ஜீரோ வாட் பல்பை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், ஆனால் எல்லா சிவப்பும் நல்ல சிவப்பு இல்லை. பிரின்ட் பேப்பர் துண்டின்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, அந்த லைட்டில் 5 நிமிஷம் விடுங்கள். பிறகு டெவலப் செய்யுங்கள். காசு இருந்த இடம் வெள்ளை வட்டமாகத் தெரிந்தால் பல்பை மாற்றணும். தெரியவில்லையென்றால் தைரியமாக ஆரம்பிக்கலாம்.

தனியாளாகச் செய்வதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. கரைத்து வைத்த டெவலப்பர் மாசக்கணக்கில் நிற்காது, பாட்டிலைத் திறக்கத் திறக்க வீரியம் குறையும். மாசம் ஒரு ரோல் எடுக்கிறவருக்குப் பாதிக்கு மேல் சாக்கடைக்குத்தான் போகும். நாலு பேர் சேர்ந்து ஒரே ராத்திரியில் கழுவினால் செலவும் நாலில் ஒரு பங்கு. கம்யூனிட்டி என்பதே இப்படி ஒரு பாட்டில் கெமிக்கலைச் சுற்றித்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறது. உக்கடம், பூ மார்க்கெட் பக்கம் போட்டோ வாக் வருகிறவர்களில் ஃபிலிம் கேமராவோடு வருபவரைப் பார்த்ததும் பேச்சுக்கொடுங்க. “எங்கே கழுவுறீங்க?” என்ற கேள்வியைவிட, “சனிக்கிழமை எங்க வீட்ல கழுவறோம், வர்றீங்களா?” என்ற கேள்விக்கு ஆட்கள் சீக்கிரம் சேருவார்கள்.

அப்படிச் சேர்ந்தபிறகு ஒரு கட்டுப்பாடு. உபயோகித்த ஹைப்போவில் ஃபிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கும். தென்னை மரத்தடியில் ஊற்றுவதோ, கிணற்றுப் பக்கம் கொட்டுவதோ கூடவே கூடாது. கிணத்தைப் பேரிலேயே வைத்திருக்கிற ஊரில் இதைச் சொல்ல வேண்டியதில்லை. மூடிபோட்ட கேனில் சேர்த்துவையுங்கள். இரும்பு நாரைப் போட்டுச் சில நாள் ஊறவிட்டால் வெள்ளி கறுப்பு வண்டலாக அடியில் தங்கும். முன்பெல்லாம் ஸ்டுடியோக்காரர்கள் இந்தப் பழைய ஹைப்போவை வெள்ளி எடுப்பவர்களுக்கு விற்றுக் காசாக்கினார்கள். யாரிடம் விற்றார்கள் என்பதையும் அந்தப் பெரியவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

கூட்டம் சேர்க்க ஒரு நல்ல நாளும் இருக்கிறது. 2001 முதல் ஒவ்வொரு ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் உலக பின்ஹோல் போட்டோகிராபி தினம். கேமராவே வேண்டாம், காலி ஹார்லிக்ஸ் டின்னின் உள்ளே கறுப்பு அடித்து, ஊசியால் ஓட்டை போட்டு, பிரின்ட் பேப்பரை வளைத்து வைத்தால் போதும். உச்சி வெயிலில் அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம் திறந்து வைத்தால் படம் விழும். ஓட்டைக்கு ஏற்ற மாதிரி நேரம் மாறும் என்பதால், பங்குனி வெயிலிலேயே ரெண்டு மூணு பேப்பரைச் செலவழித்து ஒத்திகை பார்த்துவிடுங்க.