கண்ணாடித் தொட்டியிற் கடற்சிப்பி

எமது ஊராகிய ஏழாயிரம்பண்ணை, கரிசல் மண்ணும் கடுவெயிலும் மிக்கது; தீப்பெட்டியும் வாணவெடியும் செய்யும் சிவகாசிச் சீமையைச் சார்ந்தது. அத்தகைய ஊரிற் கடற்பிராணியை வளர்க்கப் புகுதல் நகைப்புக்கிடமாகலாம். ஆயினும் கடற்பொருள் எம் சீமைக்குப் புதிதன்று. வெம்பக்கோட்டையில் 2022ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்விற் சங்கு வளையல்கள் கிடைத்திருக்கின்றன. ஓடாக வந்து சேர்வது எளிது. உயிரோடு வைத்துக் காப்பதே அரிது. இதனை யாம் பிழை செய்தே கற்றோம்.

சென்ற கோடை விடுமுறையில் தூத்துக்குடிக்குச் சென்றிருந்த யாம், நான்கு மட்டிகளையும் இரண்டு குடம் கடல்நீரையும் கொணர்ந்து, ஒரு புதிய கண்ணாடித் தொட்டியில் இட்டோம். “தம்பி, அது மணலுக்குள்ளே கிடக்கிற உசிரு, வெறுங் கண்ணாடியிலே போடாதீங்க” என்று அங்கொரு மீனவப் பெரியவர் கூறியதை யாம் செவிக்கொண்டிலேம். நீர் வற்றுந்தோறும் எஞ்சியிருந்த கடல்நீரையே வார்த்து வந்தோம். ஐந்தாம் நாள் ஒரு மட்டி வாய் பிளந்து கிடந்தது, மறுநாள் தொட்டி முழுதும் நாறிற்று, ஒன்றேனும் பிழைத்திலது. பின்னர் விலங்கியல் பயிலும் நண்பரை வினவியும் நூல்களை நாடியும் அறிந்தவற்றை, எம்போல் ஆசை கொண்டார்க்குப் பயன்படுமெனக் கருதி ஈண்டு உரைக்கின்றோம்.

முதற் பிழை நீரைப் பற்றியது. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. ஆவியாகிச் செல்வது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கும். ஆதலின் குறைந்த அளவிற்கு உப்பில்லாத தூய நீரையே வார்த்தல் வேண்டும். கடல்நீரை வார்த்தால் உவர்ப்பு நாடோறும் ஏறும். வறண்ட காற்று வீசும் எம்மூரில் இஃது ஒருநாளும் மறத்தற்குரியதன்று.

இரண்டாவது, அவசரம். பிராணிகளின் கழிவினின்று அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் தோன்றும். சில நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகச் சில வாரங்கள் செல்லும். அதற்குமுன் சிப்பியை இடுதல், அடுப்பு மூட்டுமுன் விருந்தினரை இலைமுன் அமர்த்துவதை ஒக்கும்.

மூன்றாவது, வைக்கும் இடம். சிப்பியினம் யாவும் ஒரே இடத்தில் வாழ்வன அல்ல. மட்டி, கால் போன்ற தசையால் மணலை அகழ்ந்து உட்புகுந்து, குழல்களை மட்டும் மேலே நீட்டி நீரை உறிஞ்சும். ஆதலின் உடல் முழுதும் புதையுமளவு மணல் வேண்டும். முத்துச்சிப்பியோ நார்க்கற்றையாற் பாறையைப் பற்றி வாழ்வது. மன்னார் வளைகுடாவில் அத்தகைய இடத்தைப் ‘பார்’ என்பர். பற்றிய சிப்பியைப் பிடுங்கி இழுத்தால் நாரோடு உட்டசையும் சிதையும்; இடம் மாற்ற வேண்டின் கல்லோடு எடுத்தல் வேண்டும்.

பவளப்பாறைகளில் வாழும் பெருஞ்சிப்பிகள் மூன்றாம் வகையின. அவற்றின் வண்ணத் தசைமடலுள் நுண்பாசிகள் வாழ்ந்து, ஒளியைக் கொண்டு உணவு சமைத்துத் தம்மைத் தாங்கும் சிப்பிக்கும் ஈகின்றன. ஆதலின் மடல் மேனோக்கி ஒளிபெறும்படி வைத்து, முதலில் தொட்டியின் அடியில் அமர்த்திப் பையப்பைய ஒளியருகே உயர்த்துதல் முறை. நீரோட்டம் மென்மையாக இருத்தல் வேண்டும், மடலின்மேல் நேரே மோதலாகாது. பிற நாட்டார் பலர் இவற்றை வளர்க்கின்றனர். பசிபிக் பெருங்கடலிலுள்ள பலாவுத் தீவுகளிற் குஞ்சு பொரிப்பித்தே பெருக்குகின்றனர். நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைக் காக்கின்றது. கடலினின்று எடுத்தல் குற்றமாம்.

யாவற்றினும் பெரிய பிழை உணவைப் பற்றியது. மட்டியும் முத்துச்சிப்பியும் நீரிலுள்ள நுண்பாசிகளை வடித்துண்பன. யாம் கண்டு மகிழ்ந்த தெளிந்த நீர் அவற்றிற்குப் பஞ்சமேயாயிற்று! தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1981ஆம் ஆண்டு முத்துச்சிப்பியைக் குஞ்சு பொரிப்பித்து வளர்த்தபோது, நுண்பாசியையும் தாமே வளர்த்து ஊட்டினர். சிப்பி வளர்க்க விரும்புவோன் முதலிற் பாசி வளர்ப்போனாதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இப்பொழுது எம் தொட்டியில் மணலும் கல்லும் உவர்நீருமே உள. பாசி வளர்க்கக் கற்றுத் தேறுமளவும் பிறிதோர் உயிரை அதனுள் இடுவதில்லை எனத் துணிந்துள்ளோம். மாண்ட நான்கு மட்டிகளின் ஓடுகள் எம் மேசைமேல் இருக்கின்றன. அவற்றைக் காணுந்தோறும் அப்பெரியவர் கூறிய சொல் நினைவுக்கு வருகின்றது.