நமக்கும் ஓர் ஐந்தொகை வேண்டும்



ஆண்டுக்கு ஒரு முறை கடைச் சரக்கை எண்ணி, பற்று வரவு பார்த்து, ஐந்தொகை எடுக்கிறோம். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்பதைக் காசு பிசகாமல் எழுதி வைக்கிறோம். ஆனால், படுத்த படுக்கையானால் நம்மை யார் பார்ப்பது, கடையை யார் நடத்துவது, நமக்குப் பின் எது யாருக்கு என்ற கணக்கை மட்டும் எழுதுவதே இல்லை. கடன் கொடுக்கும்போது "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா" என்று சொல்லும் நாம்தான் இதில் வாய்மொழியை நம்பி இருக்கிறோம். உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்று அஞ்சுவோரும் நம்மிடையே உண்டு.

இதற்குப் பழைய பாடம் நம் சீமையிலேயே இருக்கிறது. சிவகங்கை ஜமீன்தார் 1829இல் ஆண் வாரிசு இல்லாமல் மறைந்தார். ஜமீன் சகோதரர் வழிக்கா, மகளுக்கா என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1863இல் மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாக முடிந்தது. இடையில் கழிந்தவை 34 ஆண்டுகள். ராமநாதபுரம் சமஸ்தானத்தில் ராணி 1847இல் எடுத்த சுவீகாரம் செல்லுமா என்ற வழக்கும் 1868இல்தான் லண்டனில் தீர்ந்தது. சமஸ்தானங்களுக்கே இந்தப் பாடு என்றால், ஒரு மளிகைக் கடையோ மிளகாய் வற்றல் மண்டியோ எத்தனை நாள் தாங்கும்?

மூன்று காலங்கள்

நம் முதுமையை மூன்று காலமாகப் பிரித்துப் பார்த்தால் தெளிவு கிடைக்கும். ஒன்று, வயதாகியும் நல்ல நினைவோடு கையெழுத்துப் போடும் காலம். இரண்டாவது, உயிர் இருந்தும் நினைவு தவறிய காலம். மூன்றாவது, நாம் மறைந்த பின் வரும் காலம். நாம் எழுதும் ஒவ்வொரு பத்திரமும் இவற்றில் ஏதோ ஒரு காலத்துக்குத்தான் பயன்படும். ஒன்றுக்கு எழுதியது மற்றொன்றுக்கு உதவாது. இதை அறியாததால்தான் பல குடும்பங்கள் தவிக்கின்றன.

முதல் காலம்: கொடுப்பதற்கு முன் யோசியுங்கள்

இக்காலத்தில் நடக்கும் பெரிய தவறு, பாசத்தால் எல்லாவற்றையும் பிள்ளைகள் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிவிட்டு வெறுங்கையோடு நிற்பது. உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவு செய்து பிள்ளை ஏற்றுக்கொண்ட செட்டில்மென்டை நாமாக நினைத்தபடி ரத்து செய்ய முடியாது.

அப்படியும் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு வாசகங்கள் அவசியம். ஒன்று, நம் ஆயுள் வரையிலும், பின்னர் மனைவியின் ஆயுள் வரையிலும் அந்த வீட்டில் குடியிருக்கவும் அதன் வருமானத்தை அனுபவிக்கவும் உரிமை உண்டு என்பது. மற்றொன்று, நம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனையோடு 60 வயதுக்கு மேற்பட்டவர் கொடுத்த சொத்தைப் பெற்றவர் கவனிக்கத் தவறினால், அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. 2025 ஜனவரியில் ஒரு தாய் எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்தபோது, இச்சட்டத்தை முதியோர்க்கு உதவும் வகையில் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. வழக்காடி நிரூபிப்பதைவிடப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது மேல்.

இச்சட்டப்படி மனு செய்ய வேண்டிய இடம் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம். நம் மாவட்டத்தில் ராமநாதபுரம், பரமக்குடி என இரண்டு வருவாய்க் கோட்டங்கள் உள்ளன. முதியோருக்கான இலவச உதவித் தொலைபேசி எண் 14567.

இரண்டாம் காலம்: யாரும் எழுதி வைக்காத காலம்

ஒரு வியாபாரி பக்கவாதத்தால் நினைவிழந்து கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடை அவர் ஒருவர் பெயரில். காசோலையில் கையெழுத்துப் போட ஆள் இல்லை. சரக்கு அனுப்பியவர் பணம் கேட்கிறார். மகன், "அப்பா எனக்குப் பவர் கொடுத்திருக்கிறார்" என்று பத்திரத்தை எடுக்கிறார். அந்தப் பவர் செல்லாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, கொடுத்தவர் மனநிலை தவறினாலும் இறந்தாலும் முகவரின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. எந்த நாளுக்காகப் பவர் எழுதினோமோ அந்த நாளிலேயே அது கைவிடுகிறது.

கோமாவில் இருப்பவரின் சொத்தை நிர்வகிக்கப் பாதுகாவலரை நியமிக்கத் தனிச் சட்டம் இல்லை. குடும்பத்தார் உயர் நீதிமன்றம் போக வேண்டியிருக்கிறது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், நினைவிழந்து கிடந்த ஒருவரின் மனைவியைப் பாதுகாவலராக நியமித்துச் சொத்தை விற்க அனுமதித்தது. வழி உண்டு என்றாலும் அது வக்கீல் செலவும் காத்திருப்பும் சேர்ந்த வழி.

நாம் முன்கூட்டியே செய்யக்கூடியவை சில. குடும்பச் சேமிப்புக் கணக்கை, இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர் இயக்கும் கூட்டுக் கணக்காக மாற்றலாம். தனி வியாபாரத்தை மனைவி, மகன், மகள் யாரையேனும் சேர்த்துப் பங்கு வியாபாரமாக்கினால், ஒருவர் விழுந்தாலும் மற்றவர் கையெழுத்துப் போடலாம். வைத்தியச் செலவுக்கென ஒரு தொகையைக் கடை முதலோடு கலக்காமல் தனியே வைக்கலாம். ராமேசுவரத்திலிருந்து பெரிய சிகிச்சைக்கு ராமநாதபுரமோ மதுரையோதான் போயாக வேண்டும். பாம்பன் பாலம் தாண்டும் அவசரத்தில் பணத்தைத் தேடக் கூடாது.

சிகிச்சை பற்றிய நம் விருப்பத்தையும் எழுதி வைக்கலாம். பிழைக்க வழியில்லை என்று மருத்துவர்கள் கைவிட்ட நிலையில் இயந்திரத்தால் உயிரை நீட்டிக்க வேண்டுமா, யார் முடிவு சொல்வது என்பதை எழுதும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். இது எழுதி இருந்தால், மருத்துவமனை வாசலில் அண்ணன் தம்பிகள் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாம் காலம்: உயிலும் நாமினியும்

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகள் கையெழுத்தும் வேண்டும். சாட்சிகள் நம்மைவிட இளையவர்களாக, சொத்தில் பங்கு பெறாதவர்களாக இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை, செய்தால் தகராறு குறையும். முதிய வயதில் எழுதுவோர், தெளிந்த மனநிலையில் இருக்கிறார் என்ற மருத்துவர் சான்றையும் இணைக்கலாம்.

நாமினி போட்டுவிட்டோம், போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வங்கி வைப்பில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்று வாரிசுகளுக்குத் தரவேண்டிய பொறுப்பாளரே; உரிமையாளர் அல்ல. 2025 நவம்பர் முதல் வங்கி வைப்புக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். உயிலும் நாமினியும் ஒன்றுக்கொன்று முரணாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உயில் இல்லாமல் இந்து ஆண் ஒருவர் இறந்தால் தாய், மனைவி, மகன்கள், மகள்கள் அனைவருக்கும் சம பங்கு. சீர் செய்து கட்டிக் கொடுத்துவிட்டோம், மகளுக்குப் பங்கில்லை என்ற பேச்சைச் சட்டம் ஏற்காது. பூர்வீகச் சொத்திலும் தமிழ்நாட்டில் 1989 முதல் மணமாகாத மகள்களுக்கும், 2005இன் மத்தியச் சட்டத் திருத்தத்தால் எல்லா மகள்களுக்கும் சம உரிமை உண்டு. முஸ்லிம் வணிகர்கள், அடக்கச் செலவும் கடனும் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கே உயில் எழுதலாம். அதுவும் வாரிசு ஒருவருக்கே எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவர் உயிலின்றி இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. திருமணத்துக்கு முன் கிறிஸ்தவர் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைக்கென்று தனிக் குறிப்பு. 1932ஆம் ஆண்டின் பங்குடைமைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், ஒரு பங்குதாரர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். இரண்டே பங்குதாரர் என்றால் எழுதியும் பயனில்லை. ஆகவே மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்து, தொடர்ந்து நடத்தும் வாசகத்தையும் போட வேண்டும். தனி வியாபாரியின் ஜிஎஸ்டி எண் வாரிசுக்கு மாறாது. வாரிசு புதிய பதிவு பெற்று, ஐடிசி-02 படிவம் மூலம் நிலுவை வரவை மாற்றிக்கொள்ள வேண்டும். உணவுப் பொருள் உரிமம் இறந்த நாளிலிருந்து 90 நாட்கள் குடும்பத்துக்குச் செல்லும். அதற்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் வீட்டோடு பெட்டியும் பெட்டியோடு பத்திரமும் கடலுக்குப் போனதை நம் கடற்கரை மறக்காது. உப்புக் காற்றில் காகிதம் வேறு நைந்துபோகும். பத்திர நகல்களை வேறு ஊரில் ஒரு நம்பகமானவரிடம் வையுங்கள். உயிலை முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் சட்டம் இடம் தருகிறது.

ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, வங்கிக் கணக்குகள், காப்பீடுகள், நகைக்கடன், வெளியூர் நிலுவை, சீட்டு எழுதாத கைமாற்று அனைத்தையும் குறியுங்கள். கைமாற்றாக வாங்கியதை முதலில் எழுதுங்கள். அது நம் நாணயம். பிள்ளைகள் அறியாத கடன்தான் நம் பெயரைக் கெடுக்கும். பிறகு மனைவியையும் மகன்களையும் மகள்களையும் ஒன்றாக உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். அன்று வரும் மனத்தாங்கலை நாமே இருந்து தீர்த்துவிடலாம். நமக்குப் பின் வந்தால் அதைத் தீர்க்க நீதிமன்றம்தான் உண்டு.

வரும் மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்குள் இந்த ஓர் ஐந்தொகையையும் முடித்துவிடுவோம். எழுதும் முன் அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள். கை நடுங்காமல் இருக்கும்போதே கையெழுத்தைப் போட்டுவிடுவோம்.