பட்டியலில் பெயரில்லை, உரிமை உண்டு

"பையன் கெட்டிக்காரன்தான், ஆனா ஒரு வேலையையும் முழுசா முடிக்க மாட்டான்" என்று தீவில் நம்மவர் வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எல்லாமே சோம்பல் அல்ல. சிலருக்கு அது ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைவுக் கோளாறு. வேலைக்குப் போன பின்னும் பலருக்குத் தொடர்கிறது.

பிரிட்டனில் 1994-இல் தொடங்கிய 'ஆக்சஸ் டு வொர்க்' திட்டத்தின் வழியே, இத்தகைய ஊழியருக்கும் பயிற்சியாளர், மென்பொருள் ஆகியவற்றுக்கு அரசே பணம் தருகிறது. இங்கே ஏ.டி.எச்.டி.க்கென்று அப்படியொரு நிதி இல்லை. அதனால் நமக்கு ஒண்ணுமே இல்லையா?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, ஏ.டி.எச்.டி. இல்லை. எனவே இதை மட்டும் காட்டி இடஒதுக்கீடு கேட்க முடியாது. ஆனால் நீண்டகாலக் குறைபாடு ஒருவரைப் பிறரோடு சமமாகப் பங்கேற்க விடாமல் தடுத்தால் அவர் மாற்றுத்திறனாளி என்பதே சட்டத்தின் விளக்கம். அத்தகைய ஊழியருக்கு 'நியாயமான வசதி' செய்து தருவது அரசு அலுவலகத்தின் கடமை என்கிறது 20-ஆம் பிரிவு. 40 சதவீதச் சான்று இல்லாதவருக்கும் இந்த வசதி உண்டென்று விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு தேர்வருக்கு உதவி எழுத்தர் கிடைத்த வழக்கு அது.

நம்மவர் பலர் அரசு ஊழியர்கள். மருத்துவரின் சான்றோடு எழுத்தில் கேளுங்கள்: உத்தரவை எழுதித் தருவது, சத்தமில்லாத இடம், பெரிய வேலையைப் பிரித்துத் தருவது. இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. மறுத்தால், 23-ஆம் பிரிவுப்படி அலுவலகத்தின் குறைதீர் அலுவலரிடம் மனு கொடுக்கலாம். கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து தரமாட்டார்கள்.