நிரலகத் தலைப்புக் கோப்புகளின் பதிப்பு வேறுபாடும் தொகுப்புப் பிழைத் திருத்தமும்: ஐசியூ நிரலகத்தை முன்வைத்து

திறவுச்சொற்கள்: தலைப்புக் கோப்பு, தொகுப்பி, ஐசியூ, ஒருங்குறி, தமிழ்க் கணிமை

முன்னுரை

தமிழ்ச் சொற்களை அகர வரிசைப்படுத்துதல், இரு குறியீடுகளால் ஆன 'கி' என்பதை ஓரெழுத்தாக இனங்காணுதல் முதலிய பணிகளுக்கு ஐசியூ என்னும் ஒருங்குறி நிரலகம் பயன்படுகிறது. அதனைச் சார்ந்து சி++ மொழியில் எழுதப்பட்ட பழைய மூலநிரல், நிரலகத்தைப் புதுப்பித்தபின் தொகுப்பியால் ஏற்கப்படாமல் போவதுண்டு. அதற்கான காரணங்களையும் திருத்தும் முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தலைப்புக் கோப்பின் பணி

ஹெடர் எனப்படும் தலைப்புக் கோப்பு, நிரலகத்திலுள்ள செயற்கூறுகளின் பெயர்களையும் தரவு வகைகளையும் தொகுப்பிக்கு அறிவிக்கிறது. இது நிரலகத்திற்கும் மூலநிரலுக்கும் இடையிலான உடன்படிக்கை போன்றது. உடன்படிக்கை மாறினால், மாறாத மூலநிரலும் பிழையுடையதாகிவிடும்.

மூன்று மாற்றங்கள்

2017இல் வெளிவந்த 59ஆம் பதிப்பில், 'யூசார்' என்னும் வகை சி++ மொழியின் 'சார்16_டி' வகையாக வரையறுக்கப்பட்டது. அதனால் 16 பிட் முழுஎண் அணிகளில் உரையைச் சேமித்த நிரல்களில் வகைப் பொருந்தாமைப் பிழை எழுந்தது.

2018இல் வெளிவந்த 61ஆம் பதிப்பு, ஐசியூ பெயர்வெளியைத் தானாகத் திறந்துவைக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. 'யூனிகோட்ஸ்ட்ரிங்' முதலிய வகுப்புப் பெயர்களுக்குமுன் 'ஐசியூ' என்னும் பெயர்வெளி முன்னொட்டைச் சேர்ப்பதே இதற்குரிய திருத்தமாகும்.

2020இல் வெளிவந்த 68ஆம் பதிப்பின் தலைப்புக் கோப்புகள், பெரிய எழுத்துகளில் அமைந்த 'ட்ரூ', 'ஃபால்ஸ்' ஆகிய மேக்ரோக்களை வரையறுப்பதை நிறுத்தின. இவற்றைச் சி++ மொழியின் சிறிய எழுத்து வடிவங்களாக மாற்றினால் பிழை நீங்கும். பின்னிரு திருத்தங்களும் பழைய பதிப்புகளுடனும் பொருந்துவன என்பது குறிப்பிடத்தக்கது.

மறைத்தலும் திருத்துதலும்

முதல் மாற்றத்தால் எழும் பிழையை, சுட்டியின் வகையை வலிந்து மாற்றியும் நீக்கலாம். அவ்வாறு செய்தால் தொகுப்பி அமைதியடையும். எனினும், வெவ்வேறு வகைச் சுட்டிகள் ஒரே நினைவக இடத்தைச் சுட்டா என்னும் எடுகோளின்படி உகப்பாக்கம் நிகழ்வதால், இயக்கத்தின்போது தவறான விளைவு தோன்றக்கூடும். தொகுக்கும்போதே வெளிப்பட்ட பிழை, பயனரின் உரையைச் சிதைக்கும் மறைபிழையாக மாறிவிடும். ஆகவே தரவு வகையையே மாற்றுதல் அல்லது ஐசியூ வழங்கும் 'சார்16பிடிஆர்' என்னும் இடைநிலை வகுப்பைப் பயன்படுத்துதல் தகும்.

இணைப்புப் பிழையிலிருந்து வேறுபடுத்தல்

ஐசியூ தன் செயற்கூற்றுப் பெயர்களுடன் பதிப்பெண்ணையும் இயல்பாக இணைக்கிறது. ஒரு பதிப்பின் தலைப்புக் கோப்பும் மற்றொரு பதிப்பின் நிரலகமும் கலந்தால், தொகுப்பு நிறைவேறிய பின் இணைப்புக் கட்டத்தில் பிழை தோன்றும். அப்போது மூலநிரலைத் திருத்துவதால் பயனில்லை. இரண்டையும் ஒரே பதிப்பிலிருந்து பெறுமாறு தேடுபாதைகளைச் சீரமைத்தல் வேண்டும்.

முடிவுரை

ஒரு மாற்றமே பல பிழைச் செய்திகளைத் தோற்றுவிக்குமாதலால் முதற்செய்தியிலிருந்து ஆராய்தல் நன்று. பிழை எழுந்த கட்டம், மாறிய அறிவிப்பு, அது மாறிய பதிப்பு ஆகியவற்றை அறிந்தபின் திருத்துவதே, தமிழ் உரையைக் கையாளும் மென்பொருள்களை நம்பகத்தன்மை குன்றாமல் பேணும் வழி என்பது இதனால் புலனாகிறது.