குட்டிகள் மாண்டன, தாய் பிழைத்தது – ஏன்?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

முயல் என்றவுடன் அதன் நீண்ட காதுகளும் பஞ்சு போன்ற உடலும் நம் நினைவிற்கு வரும். எனக்கோ ஆறு குட்டிகளின் நினைவு வரும். நான் பதினொன்றாம் வகுப்பில் படித்தபோது எங்கள் வீட்டில் முயல் வளர்த்தோம். ஈன்ற ஐந்தாம் வாரத்தில் குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டது. வயிறு ஊதியது, தீனியைத் தொடவில்லை. ஒரு வாரத்திற்குள் ஆறும் மாண்டன. அதே கூண்டில் அதே தீனியைத் தின்ற தாய் முயலுக்கு ஒன்றுமே ஆகவில்லை!

"தரை ஈரமா இருந்தா குட்டி நிக்காதுடா" என்றார் அப்பா. அவர் பள்ளிக்கூடத்தை எட்டிப் பாராதவர். நானோ, தீனிதான் கெட்டுவிட்டது என்று சாதித்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் அன்றோ!

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். இங்கே ஒட்டுண்ணிகளைப் பற்றிப் படித்தபோதுதான் உண்மை விளங்கியது. அந்நோய் பெரும்பாலும் காக்சிடியோசிஸ் ஆகவே இருந்திருக்க வேண்டும். அதற்குக் காரணம் ஐமீரியா என்னும் ஓரணு உயிரி. 1674ஆம் ஆண்டிலேயே ஆலந்து நாட்டு லீவன்ஹூக், முயலின் பித்தநீரில் முட்டை வடிவத் துகள்களை நுண்ணோக்கியில் கண்டார். அவை ஐமீரியாவின் ஊசிஸ்டுகளே என்பர் அறிஞர். முயலைத் தாக்கும் 11 இனங்களுள் ஒன்று ஈரலின் பித்தக் குழாய்களிலும், ஏனைய 10 குடலிலும் வாழ்கின்றன.

ஊசிஸ்டு என்பது தடித்த உறையுடைய கூடு. அது புழுக்கையுடன் வெளிவரும்போது நோய் தராது. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று நாட்களில் முதிர்ச்சி அடையும். அப்போது அதனுள் 8 நுண்ணுயிர்கள் உருவாகியிருக்கும். தீனியோடு உள்ளே சென்றதும் அவை குடற்சுவரின் செல்களில் புகுந்து, பெருகி, அச்செல்களை உடைத்து வெளிவருகின்றன. கழிச்சலின் காரணம் இதுவே.

பால்குடியில் இருக்கும் முதல் மூன்று வாரங்களில் குட்டிகளை இது பெரும்பாலும் அண்டுவதில்லை. பால் மறக்கும் பருவத்தில்தான் ஆபத்து. அப்போது அவற்றின் உடலுக்கு இப்பகைவன் புதியவன்.

அப்படியானால் தாய் எப்படித் தப்பியது? தன் இளமையில் அதுவும் இத்தொற்றைக் கண்டு மீண்டிருக்கும். ஒருமுறை கண்ட பகைவனை உடல் நினைவில் வைத்துக்கொள்கிறது. இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் தோன்றுவது உண்மையே. எனினும், செல்லுக்குள் ஒளிந்துகொள்ளும் எதிரியை அடக்குவதில் பெரும்பங்கு டி-லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்களுக்கே உரியது. அவை குடற்சுவரிலேயே காவல் நிற்கின்றன. முயலின் பெரிய குடல்வாலும் லிம்போசைட்டுகள் நிறைந்த உறுப்பே.

இந்த நினைவு மிகவும் நுட்பமானது. ஓர் இனத்திற்கு எதிராகப் பெற்ற ஆற்றல் வேறோர் இனத்தைத் தடுக்காது. ஐமீரியா இன்டஸ்டினாலிஸ் என்னும் இனம் சிறிதளவு நுழைந்தாலே வலுவான எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது. ஐமீரியா பிளாவெசென்ஸ் கொடிய இனமாயினும், அது தூண்டும் எதிர்ப்பாற்றல் குறைவே. நோய்த்தன்மை குறைக்கப்பட்ட ஐமீரியாக்களைக் கொண்டு தடுப்பு மருந்து காணும் முயற்சிகளும் நடைபெற்றுள்ளன.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. எதிர்ப்பாற்றல் பெற்ற முயல் ஒட்டுண்ணியை முற்றிலும் ஒழித்துவிடுவதில்லை. நலமாகத் தோன்றும் அதன் புழுக்கையிலும் சில ஊசிஸ்டுகள் வெளிவரலாம். ஆகவே, எங்கள் குட்டிகளுக்கு நோயைத் தந்தது அவற்றின் தாயாகவே இருந்திருக்கக்கூடும்! தாயைக் காத்த ஆற்றல் குட்டிகளைக் காக்கவில்லை. காத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். புழுக்கையை நாள்தோறும் அகற்றித் தரையை உலர வைத்திருந்தால், ஊசிஸ்டுகளுள் பெரும்பாலானவை முதிரும் முன்பே வெளியேறியிருக்கும்.

சென்ற விடுமுறையில் இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், "அதத்தானே அன்னிக்கே சொன்னேன்" என்றார். ஆம், அவர் அறிந்திருந்தது 'என்ன' என்பதை. நான் கல்லூரியில் கற்றது 'ஏன்' என்பதை. இரண்டும் சேர்ந்து இப்போது எங்கள் வீட்டில் கம்பிவலைத் தரையுடன் உயர்ந்து நிற்கும் ஒரு புதிய கூண்டாகியிருக்கின்றன. அதில் ஐந்து குட்டிகள் மூன்றாம் மாதத்தைக் கடந்து நலமாக வளர்கின்றன.