பழைய காரில் இறுகிப்போன போல்ட்டைக் கழற்றும் முறை

பாவில் சிக்கு விழுந்தால் நெசவாளர் எவரும் அதைப் பிடித்து இழுப்பதில்லை. இழுத்தால் நூல் அறும் என்பதை அவருடைய விரல்கள் அறியும். ஆயின் அதே அன்பர் தம் பழைய காரில் ஒரு நட் அசைய மறுத்தால், ஸ்பானரின்மேல் ஏறி நிற்கவும் தயங்குவதில்லை. அவரைக் குறை கூற எனக்கு உரிமை இல்லை. நானும் அவ்வாறு நின்றவனே.

என் தந்தையார் 1986-இல் வாங்கிய அம்பாசடர் கார் இன்றும் எங்கள் இல்லத்தில் இருக்கிறது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் வண்டிக்குள் புகை நாற்றம் வரத் தொடங்கிற்று. சந்தைக்குப் போய்வரும் ஒரு மணி நேரப் பயணத்திலேயே அன்னைக்குத் தலைவலி கண்டது. எஞ்சினின் ஹெட்டுக்கும் புகை வெளியேறும் மேனிபோல்டுக்கும் இடையிலுள்ள காஸ்கெட் கருகிப்போயிருந்தது. இதை ஒத்திப்போடுவதற்கில்லை. எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடைத்த வண்டிக்குள் ஆளை மயக்கிக் கொல்ல வல்லது.

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே முனைந்தேன். நான்கு நட்டுகள் இணங்கி வந்தன. ஐந்தாவதன் மூலைகள் மழுங்கி உருண்டுவிட்டன. ஆத்திரத்தில் வைஸ் கிரிப்பால் அதைக் கவ்வி, பிடியில் ஓர் இரும்புக் குழாயையும் செருகி முழு பலத்தையும் காட்டினேன். 'டக்' என்றொரு சத்தம். ஸ்டட் ஹெட்டோடு ஒட்ட முறிந்தது. என் விரல் முட்டிகளின் தோலும் உரிந்தது. எங்கள் ஊர்ப் பட்டறையின் முதிய மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "ஸ்டட் தானா முறியலே தம்பி, நீங்கதான் முறிச்சீங்க" என்றார். அன்று அவரிடம் கற்றதையும், பின்னர் நானே செய்து தெரிந்துகொண்டதையும் ஈண்டு எழுதுகிறேன்.

முதற் பிழை ஸ்பானரில்தான் தொடங்கியது. 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவியது. ஆதலின் அதன் பழைய பெட்ரோல் எஞ்சினில் நட்டுகள் அங்குல அளவின. என் கையில் இருந்தனவோ மில்லிமீட்டர் ஸ்பானர்கள். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13-ஆம் எண் ஸ்பானர் அதில் நுழையும், ஆனால் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி விழும். இளகிய நட்டுக்கு அது கேடில்லை. இறுகிய நட்டின் மூலையைச் சீவ அதுவே போதும். 7/16 அங்குல நட்டில் 12-ஆம் எண் ஸ்பானரைப் போடுவது இதனினும் மோசம். இன்னொன்று: வாய் திறந்த ஸ்பானர் இரண்டு பக்கங்களை மட்டுமே பற்றும். இறுகியவற்றுக்கு ஆறு பட்டை உள்ள சாக்கெட்டே ஏற்றது. பன்னிரண்டு மூலை உள்ள ரிங் ஸ்பானர் துருவேறிய நட்டில் வழுக்கும்.

அடுத்து, நட் ஏன் பிடித்துக்கொள்கிறது? இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு இரண்டு மடங்கிற்கும் மேலாகப் பெருகுகிறது. மரைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் அத்துரு ஆப்பு அடித்தாற்போல் இறுகிவிடுகிறது. புகைக்குழாய்ப் பக்கம் ஓயாது சூடேறி ஆறுவதால் அங்கே நிலைமை இன்னும் கடினம். அப்படியானால், திருகுவதற்கு முன் அத்துருவை உடைக்கவேண்டும் என்பது விளங்கும்.

கம்பி பிரஷால் மரையைத் துலக்கி, மெல்லிய எண்ணெய் ஊற்றுவது முதல் வேலை. கடையில் விற்கும் துரு நீக்கும் எண்ணெய் நன்று. அகப்படாவிடில் மண்ணெண்ணெயில் சிறிது எஞ்சின் ஆயில் கலந்தும் விடலாம். ஊற்றிய ஐந்தாம் நிமிடத்தில் ஸ்பானரை எடுப்பவர் எண்ணெயை வீணாக்கினவரே. ஓர் இரவாவது ஊறட்டும். இடையிடையே நட்டின் பக்கங்களில் சுத்தியலால் இலேசாகத் தட்டுக. அவ்வதிர்ச்சியில் துரு விரிசல் கண்டு எண்ணெய்க்கு வழிவிடும். பின்னர் முதலில் சற்றே இறுக்கும் திசையில் அசைத்து, அதன்பின் கழற்றும் திசையில் திருப்புக. கால் சுற்று வந்ததும் மகிழ்ந்து இழுத்துவிடலாகாது. மீண்டும் உள்ளே, மீண்டும் எண்ணெய், மீண்டும் வெளியே.

இதற்கும் மசியாததற்கு நெருப்புத்தான். நட்டைச் சூடாக்கவேண்டும், போல்ட்டையன்று. நட் விரிந்தால் பிடி தளரும். அலுமினிய உறுப்பில் இரும்பு போல்ட் சிக்கியிருந்தால் சூடு இன்னும் நன்கு வேலை செய்யும்; அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவது. ஆனால் இளஞ்சூடு போதும், அலுமினியம் எளிதில் உருகிவிடும். சற்று ஆறியதும் மரையில் மெழுகுவத்தியைத் தொட்டால் மெழுகு உருகி உள்ளே ஓடும். பெட்ரோல் குழாய், டாங்கி, பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர் இவற்றின் அருகே தீ ஆகாது. நாகமுலாம் பூசிய போல்ட்டைச் சுட்டால் எழும் புகை நச்சு. எண்ணெய் ஊறிய இடம் தீப்பற்றும். ஒரு வாளி மணலை அருகில் வைத்துக்கொண்டே தொடங்குக.

மூலை உருண்ட நட்டுக்கு வேறு வைத்தியம். சற்றுச் சிறிய ஆறுபட்டை சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றலாம். அரத்தால் இரு பக்கங்களைத் தட்டையாக்கலாம். உளியை ஓரத்தில் சாய்த்து வைத்துக் கழலும் திசையில் அடிக்கலாம். எதுவும் பலிக்காவிடில் நட்டைப் பிளந்து எறிவதே இலாபம்; நட் மலிவு, ஸ்டட் போனால்தான் தொல்லை. கண்ணாடி அணியாமல் உளியைத் தொடவேண்டாம்.

என் முறிந்த ஸ்டட்டுக்கு வருவோம். டிரில் போட்டு, இடம்புரி மரையுள்ள எக்ஸ்ட்ராக்டரைச் செலுத்தினால் வந்துவிடும் என்றேன். பெரியவர் இசையவில்லை. அக்கருவி கடினமான எஃகு; உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதைத் துளைக்காது, பிறகு ஹெட்டையே பணிமனைக்கு அனுப்பவேண்டும். இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் மேனிபோல்டும் ஒரே பக்கம். எனவே முதலில் கார்புரேட்டரை இறக்கி, பெட்ரோல் குழாயை அடைத்து, பாட்டரி இணைப்பைக் கழற்றினார். முறிந்த முனைமீது ஒரு நட்டை வைத்து, அதன் துளை வழியே வெல்டிங் செய்தார். முதல் பற்று விட்டுப்போயிற்று. இரண்டாவது பற்று நின்றது. ஆறவிட்டு, ஸ்பானரை அங்கும் இங்குமாக மெல்ல ஆட்டினார். கால் மணி நேரத்தில் ஸ்டட் வெளியே வந்தது.

கழற்றும் திசையையும் முன்கூட்டியே அறிதல் நலம். இரண்டாம் உலகப்போர்க் கால வில்லீஸ் ஜீப்பின் இடப்புறச் சக்கர நட்டுகள் இடம்புரி மரை கொண்டவை. அறியாதவர் கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கி, ஸ்டட்டையே முறிப்பர்.

மீண்டும் பூட்டுகையில் பெரியவர் இரும்பு நட்டுகளைத் தள்ளிவிட்டுப் பித்தளை நட்டுகளைப் போட்டார், பித்தளை துருப்பிடிப்பதில்லை. மரையில் செப்புப் பொடி கலந்த கிரீஸ் சிறிது தடவினார். சக்கர நட்டுகளுக்கு இதைத் தடவவேண்டாம் என்றும், தடவினால் அளவுக்கு மீறி இறுகும் என்றும் எச்சரித்தார். இவ்வாண்டு காஸ்கெட்டைப் பார்ப்பதற்காக அந்த நட்டுகளை மறுபடி கழற்றினேன். சரியான அரை அங்குல ஸ்பானர்தான், குழாய் தேவைப்படவில்லை. அன்னை இப்போது சந்தைக்கு அந்த வண்டியிலேயே போய்வருகிறார்.